எழுந்து நிற்கையில்

மத்தோசின்யுஷில், மீன்சந்தைக்குப் பின்தெருவில்,
காப்பியை முடித்து நாற்காலியை விட்டு
எழும்போதெல்லாம்
அதெரித்து ஃபியூசாவின் வலக்கை
தானாக ஆடும்.
அரை நிமிடம். சில நாள் அதுகூட இல்லை.
எதிர்மாடியில் துணி உலர்த்தும் எர்மெலிந்தா
பதிலுக்குக் கையசைப்பாள்.
இப்படியே ஏழு வாரம்.
மரியாதை தெரிந்த மனுஷன் என்று
ரொட்டிக்கடையில் சொல்லியிருக்கிறாள்.

இருபத்தொன்பது வருடம் துறைமுகத்தில்
கிரேன் ஓட்டிய கை அது.
கொள்கலனை முட்டைபோல் இறக்கும்.
அந்தக் கையைப் பற்றி
யாரிடம் போய்ப் புகார் சொல்வது?
மகள்தான் ஒருநாள் பார்த்துவிட்டாள்.
எழுந்ததும் உதறியது,
உட்கார்ந்ததும் நின்றது.
குடி, நரம்பு, நடுக்கவாதம் என்று
ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள்.
கழுத்தை நினைத்தவர் எவருமில்லை.

என் அறைக்கு வந்தபோது
இடக் கழுத்துத் தமனியில்
நூற்றுக்குத் தொண்ணூறு அடைப்பு என்று
தாளில் எழுதியிருந்தது.
அடைப்பை அளப்பது என் வேலையல்ல.
அதற்கு மேலே மூளை எப்படிச் சமாளிக்கிறது
என்று கேட்பது என் வேலை.
கேட்பது என்றால் காதால்.
பொட்டில் பசை தடவிக் கருவியை வைத்தேன்.
உஷ், உஷ் என்று
பாறையிடுக்கில் அலை வந்துபோகும் சத்தம்.
'இது நானா?' என்றார்.
'நீங்கள்தான். வலப்பக்கத்து நீங்கள்.'

ஐந்து நொடி உள்ளே, ஐந்து நொடி வெளியே.
நிமிடத்துக்கு ஆறே மூச்சு.
ரத்த அழுத்தம் அலையாய் ஏறி இறங்குகிறது.
வலப்பக்க மூளை கெட்டிக்காரி,
அழுத்தம் உச்சிக்குப் போகுமுன்பே
மடையைக் கொஞ்சம் சாத்திவிடுகிறாள்.
இடப்பக்கத்திலோ
அழுத்தமும் ஓட்டமும்
ஒரே கயிற்றில் கட்டிய படகுகள்.
அது ஏறினால் இது ஏறும்,
இறங்கினால் இறங்கும்.
சொந்தமாய் ஒரு முடிவு கிடையாது.

பிறகு முகமூடி, கரியமிலவாயு கலந்த காற்று.
வலப்பக்க நாளங்கள் அகன்றன, சத்தம் பெருகியது.
இடப்பக்கம் அசையவில்லை.
சோம்பல் அல்ல.
மாதக்கணக்காய் அது
இருக்கிற கதவையெல்லாம் திறந்துபோட்டுத்தான்
பிழைத்து வந்திருக்கிறது.
இனித் திறக்கக் கதவில்லை.

குறிப்பேட்டைக் காட்டினார்.
காலையில் மூன்று மாத்திரை,
அழுத்தம் நூற்றுப்பத்து,
பச்சை மையில் வட்டம்,
தேறிய பையனின் முகம்.
நல்ல எண்தான்,
நன்றாயிருக்கும் பக்கத்துக்கு.
இந்தப் பக்கமோ அந்த அழுத்தத்திடம்
கடன் வாங்கிக் குடித்தனம் நடத்துகிறது.

'எழுந்து நில்லுங்கள்' என்றேன்.
கருவி பொட்டிலேயே இருந்தது.
சத்தம் மெலிந்தது,
மூடாத குழாயின் கடைசி நீர்போல.
பதினோராவது நொடியில்
கை ஆரம்பித்தது.
அவர் வெட்கத்தோடு சிரித்தார்:
'எதிர்வீட்டம்மா இருந்தால்
இந்நேரம் பதில் வந்திருக்கும்.'
அப்போதுதான் அவளைப் பற்றித் தெரியும் எனக்கு.
உட்காரவைத்துவிட்டு
டாக்டர் கித்தேரியாவுக்கு ஓடினேன்.

அன்றே இரண்டு மாத்திரை நின்றது.
ஒன்பதாம் நாள் கழுத்தைத் திறந்தார்கள்.
மஞ்சளாய், மக்காச்சோள மணி அளவில் ஒன்று.
அதன்பின் கவலை தலைகீழானது:
பட்டினி கிடந்த வயிற்றுக்கு
விருந்து வைத்தால் தாங்குமா?
மூன்று இரவு, அழுத்தம் ஏறாமல் காவல்.
தாங்கியது.
தலைக்கு வந்தது கையோடு போயிற்று
என்று எழுதிவைக்க ஆசை.
இந்த வேலையில் அப்படியெல்லாம்
எழுதிவைக்கக் கூடாது.

ஆறு வாரம் கழித்து வந்தார்.
இடப்பக்கம் மெதுவாய்,
இன்னும் நம்பாத மாதிரி,
முந்தப் பழகிக்கொண்டிருந்தது.
'எல்லாம் சரி' என்றார்,
பசையைத் துடைத்துக்கொண்டே.
'எர்மெலிந்தாதான் முகம் கொடுப்பதில்லை.
இப்போதெல்லாம் நானாக
ஆட்ட வேண்டியிருக்கிறது.
பாதி நாள் மறந்துபோகிறேன்.'